இணைச்சீருக்கு யார் நிற்பது

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிட்டுப் போன பிறகு உனக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறேன். "மீட்டிங்ல இருக்கறேனுங்கம்மா, அப்பறம் கூப்படறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வந்தபாடில்லை. வந்தாலும் எனக்கு இப்போதெல்லாம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சை அடைக்கிறது. அதற்குள் நீ "சரிங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார். இதை ஒளித்துப் படிக்கவும் வேண்டாம். பெரியப்பா வீடு, அத்தை வீடு எல்லாம் போய்ப் பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் நீ என் வாசலுக்கு வந்தாய். கடைசியாகத் தெரிந்துகொண்டவள் பெற்றவள். ஆகவே இதை அவர்களும் படிக்கட்டும், இந்த வீட்டுக்கு வரப்போகிற பெண்ணும் படிக்கட்டும். உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து எழுதுவதும் அவர்களுக்காகத்தான்.

நீ சொன்னவை இரண்டு. ஆவணியில் நடக்கப்போகிற உன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு உன் தங்கை கோகிலா நிற்க வேண்டாம், பெரியப்பா மகள் வனிதா நிற்கட்டும் என்றாய். கல்யாணம் முடிந்ததும் கோகிலாவை அவிநாசிபாளையம் தாண்டி ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடலாம், எல்லாம் பேசிவைத்துவிட்டேன் என்றாய். உன் வருங்கால மச்சினன் வெளியே திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். சம்பந்தி வீட்டு ஒறம்பரை காதில் விழுகிற மாதிரி வீட்டுச் சண்டை எதற்கு என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தக் காபியைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தவள் கோகிலா. சமையல்கட்டுக்குள் போய்விட்டாள், கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாயோ என்னவோ. அவளுக்கு இருப்பது வலிப்பு, கண்ணு. காது நன்றாகவே கேட்கும்.

இணைச்சீர் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் ஆபீசிலிருந்து வரும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் அது போட்டோ எடுக்கிற ஒரு சடங்காக இருக்கலாம். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் கூடப்பிறந்தவளும் ஒரே சேலையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பெண்டாட்டி வந்தாலும் உன்னைக் கைவிடமாட்டேன் என்று ஊர் முன்னால் அண்ணன்காரன் ஒத்துக்கொள்வது. கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் வந்து நிற்பாள். உனக்கு அப்படி என்ன தலையெழுத்து? உயிரோடு இருக்கிற தங்கையை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு வனிதாவோடு சேலையைப் பிடித்து நிற்பாய், அடுத்த வாரம் தங்கையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாய். சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் வேண்டுமானால் உன்னைக் கேட்கமாட்டார். நான் கேட்பேன்.

நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். கோகிலா ஆறாவது படிக்கையில் பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நின்ற இடத்தில் முதன்முதலாக விழுந்தாள். வாத்தியார்கள் எல்லாம் தள்ளி நின்றார்களாம். ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து நீதான் ஓடிவந்து தூக்கினாய். உன் வெள்ளைச் சட்டை முழுக்க அவள் எச்சிலும் ரத்தமும். அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தாய். அதற்குப் பிறகு பையன்கள் உன்னை என்னென்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நீ யாரை அடித்துவிட்டு வந்தாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பையனாக உன்னைத் தெரிந்ததால்தான் இப்போது கோபம் எச்சாக வருகிறது. வேறு எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டு என் சோலியைப் பார்த்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் "ஊட்டுலயே வெச்சுப் பார்த்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வைத்துப் பார்த்துக்கொண்டோம். உன் அப்பா பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றினார். தீப்பெட்டியை மேல் அலமாரிக்கு ஏற்றினார். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. அவர் நிட்டிங் ஷிப்டுக்கும் நான் ஓவர்லாக் தையல் ஷிப்டுக்கும் கிளம்பும்போது வாசல் கதவுக்கும் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் "பொட்டப் புள்ளைய எவ்வளவு பத்தரமா வெச்சிருக்கறீங்க" என்று மெச்சினார்கள். ஆனால் வலிப்பு என்ன வாசல் வழியாகவா வருகிறது, பூட்டினால் நின்றுபோக? பூட்டிய வீட்டுக்குள்ளேயே விழுந்தாள். ஒருமுறை உரலில் நெற்றி பட்டு, நாங்கள் வந்து கதவைத் திறக்கிற வரைக்கும் ரத்தத்தில் கிடந்தாள். இருபது வயதில் அவளுக்கு ரோட்டைத் தாண்டத் தெரியாது. கடைக்காரரிடம் ஒரு சோப்பு கேட்டு வாங்கத் தெரியாது. டிவியில் வருகிறவர்களோடு பேசுவாள். நாம் பேசினால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அப்பா நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்த வருஷம், மாத்திரை வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். எப்போதும் போல டாக்டர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. "நீங்க சித்த இருங்கம்மா" என்று என்னை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன பண்ணணும்னு ஆசை?" என்றது. கோகிலா விட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "பஸ்ல போவணுங்க." எங்கே என்று டாக்டரம்மா கேட்டது. "எங்கியோ ஒரு பக்கம், எல்லாரும் போறாங்கல்ல" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த அழுகை உன் அப்பா செத்தபோதுகூட வரவில்லை.

டாக்டரம்மா ஒன்றும் வானத்தை வில்லாய் வளைக்கச் சொல்லவில்லை. மாத்திரையை நேரம் தவறாமல் போடட்டும், தூக்கம் கெடக்கூடாது, மெஷினில் உட்கார வேண்டாம், உயரத்தில் ஏற வேண்டாம், நெருப்புப் பக்கம் தனியாகப் போக வேண்டாம், கூட இருக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவையுங்கள், மற்றபடி போகட்டும் என்றது. நான் வேலை செய்த பனியன் கம்பெனியிலேயே பிசிறு வெட்டுகிற வேலைக்குக் கேட்டேன். கான்ட்ராக்டர், "ஏனுங்க, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குங்க பதில் சொல்றது?" என்று இழுத்தார். "எனக்குத்தானுங்க சொல்லோணும், நான் கேக்கமாட்டேன்" என்றேன். அவளுக்கு ஸ்டூல் வேண்டாம், தரையில் பாய் விரித்து உட்காரட்டும், விழுந்தாலும் அடி படாது என்று நானும் செக்கிங்கில் இருந்த ஜரீனாவும் பேசிவைத்தோம். ஜரீனாவின் தம்பிக்கும் வலிப்பு உண்டு, அதனால் அவளுக்குப் பதற்றம் கிடையாது. கோகிலா விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலில் துப்பட்டாவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்குப் பீஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்ததும் "என்னாடி, தூங்கி எந்திரிச்சாச்சா?" என்பாள். கோகிலா சிரிப்பாள். அவள் சிரித்து நான் கேட்டது அங்கேதான்.

அப்புறம் அந்த நாள். அன்று ஜரீனா லீவு. புதிதாகத் தேனிப் பக்கத்திலிருந்து வந்த சூப்பர்வைசர் ஒருவன், அவனுக்கு விஷயம் தெரியாது. கோகிலா பாயில் சரிந்ததும் ஆளாளுக்கு "இரும்பக் குடுங்க, கையில இரும்பக் குடுங்க" என்று கத்தியிருக்கிறார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று நம் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். நிற்காது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. வீடாயிருந்தால் சாவிக்கொத்து கிடைத்திருக்கும். பனியன் கம்பெனியில் எட்டிய இரும்பு பிசிறு வெட்டுகிற கத்தரி. அதை அந்தப் பையன் அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டான். வலிப்பில் மூடுகிற கை எப்படி மூடும் என்று உனக்குத் தெரியுமே. நான் அடுத்த ஹாலிலிருந்து மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தபோது வெள்ளைப் பனியன் குவியல் மேல் ரத்தம். கையைப் பிரிக்க முடியவில்லை. அவளாக விட்ட பிறகுதான் கத்தரியை எடுத்தோம். அவன் என் காலடியில் உட்கார்ந்து, "நல்லதுன்னு நெனைச்சுத்தான்க்கா குடுத்தேன், எங்காத்தாவுக்கும் இப்படித்தான்க்கா குடுப்போம்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கத்தினாய்: "அன்னைக்கே அனுப்பாதீங்கன்னு சொன்னனில்லீங்க? இப்ப சந்தோசமா?" அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சந்தோஷம் இல்லை. ஆனால் அனுப்பியது தப்பு என்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. விழுவாள் என்று தெரிந்துதான் பாய் விரித்தோம். பாயில்தான் விழுந்தாள். ஒரு கீறல் இல்லை. விரலைக் கொண்டுபோனது சுற்றி நின்றவர்களின் பயம். அந்தப் பயத்தை நல்லது என்று நினைத்துக்கொண்டு அவள் கையில் திணித்தார்கள். நீ இப்போது செய்வதும் அதுதான் என்று சொன்னால் உனக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

கட்டுப் பிரித்த பிறகு, "போதுஞ் சாமி, இனி ஊட்டுலயே இரு" என்று நான்தான் சொன்னேன். நானும் மனுஷிதானே. அவள் கேட்டாள்: "உங்க வெரல்ல ஊசி ஏறுனப்ப நீங்க வேலைய உட்டுட்டீங்களாம்மா? துணியச் சுத்திக்கிட்டுப் போகலே? எனக்கு மட்டும் ஏனுங்க வேற நியாயம்?" ஓவர்லாக்கில் உட்கார்ந்த எவள் விரலில் ஊசி ஏறாமல் இருந்திருக்கிறது? அப்படியும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சோறு வேண்டாம் என்று அவள் படுத்துக்கொள்ள, நானும் வேண்டாம் என்று படுத்துக்கொள்ள, வீடே எழவு வீடாகக் கிடந்தது. கடைசியில் ஜெயித்தவள் அவள்தான். போன முதல் நாளே செக்‌ஷன் நடுவில் நின்று அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாளாம். "இதப் பாருங்க. நான் விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயிலயும் கையிலயும் ஒண்ணும் வெக்காதீங்க. எந்திரிக்கற மட்டும் பக்கத்துல இருங்க, அது போதும்" என்றாளாம். ஜரீனா வந்து சொன்னாள். டிவியோடு பேசிக்கொண்டிருந்த பிள்ளை, கண்ணு. இடது கையில் கத்தரி பிடிக்க வரவில்லை. மடித்துக் கவரில் போடுகிற வேலை கொடுத்தார்கள். இன்னும் அதைத்தான் செய்கிறாள்.

எனக்கு நெஞ்சுக்கு முடியாமல் போய் வேலையை விட்ட பிறகு அவள் தனியாகப் போக ஆரம்பித்தாள். முதல் நாள் நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் பின்படி வழியாக ஏறிவிட்டேன். இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள்: "ஏனுங்கம்மா, திருட்டுப்பூனையாட்ட வர்றதுக்கு என்ற பக்கத்துலயே உக்காந்து வந்திருக்கலாமில்ல? சீட்டு காலியாத்தான கெடந்துச்சு?" பஸ்ஸே சிரித்தது. அதற்கப்புறம் நான் போகவில்லை. அவள் வந்து சேருகிற வரைக்கும் வாசலில் நிற்பேன். தினமும் செத்துச் செத்துப் பிழைப்பேன். இதை எழுதும்போது நான் ஏதோ தைரியசாலி என்று நீ நினைத்துவிடாதே.

ஒருநாள் வரவேண்டிய நேரம் தாண்டி இருட்டிவிட்டது. பஸ்ஸில் விழுந்திருக்கிறாள். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் இறக்கி பெஞ்சில் படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டார். நினைவு வந்து பார்த்தால் காதில் கம்மல் இல்லை, துணியெல்லாம் நனைந்து கிடக்கிறது. எவனோ ஒரு பாவி கழற்றியிருக்கிறான், விழுந்து கிடக்கிற பிள்ளை காதில் கை வைக்க அவனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. அவள் எழுந்து, கட்டணக் கழிப்பறையில் போய் அலசிக்கொண்டு, ஈரத்தோடேயே அடுத்த பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். நான் வாசலில் அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன். "கம்மலு போச்சுங்கம்மா" என்றாள், "ஆனா நானே வந்துட்டேன்." இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் இதுவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே பூட்டை எடுத்துக்கொண்டு வந்திருப்பாய்.

அதற்காக அவள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறேன் என்று நினைக்காதே. ஸ்கூட்டி ஓட்டணும் என்றாள். என் உயிரே போனாலும் முடியாது என்றேன். நீ விழுந்தால் உன்னோடு போகாது, எதிரே வருகிறவன் பிள்ளைகுட்டிக்காரனாக இருப்பான் என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு அவளுக்கே புரிந்தது. எண்ணெய்ச் சட்டி பக்கம் நான் இல்லாமல் போகமாட்டாள். சோற்றை வடிக்காமல் கரண்ட் அடுப்பில் குக்கரில் வைப்பாள். குளிக்கும்போது கதவை ஒருக்களித்துச் சாத்தி வெளியே ஒரு துண்டைத் தொங்கவிடுவாள், உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வாளியில் மொண்டுதான் குளிப்பாள், தொட்டியில் இறங்கமாட்டாள். இதெல்லாம் நான் போட்ட சட்டமில்லை. இரண்டு பேரும் சண்டை பிடித்து, விட்டுக்கொடுத்து, விழுந்து எழுந்து கண்டுபிடித்தது. நீ அவளை வைத்துக்கொள்வதாக இருந்தால் அவளையே கேள். எதில் அவள் விழுந்தால் எழுந்துகொள்வாள், எதில் விழுந்தால் எழமாட்டாள் என்று அவளுக்கு உன்னைவிடத் தெரியும். மாத்திரையை நீ எடுத்துக் கொடுக்காதே, அவளே போட்டுக்கொள்வாள். வீட்டுச் சாவியில் ஒன்று அவளிடம் இருக்கட்டும். நாளைக்கு எவனையாவது பிடித்திருக்கிறது என்று வந்து நின்றால், தயவுசெய்து சிரித்துவிடாதே.

இணைச்சீரைப் பற்றியும் அவளைக் கேட்டேன். நீங்கள் எல்லாம் கூடிப் பேசினீர்களே, ஒருத்தராவது கேட்டீர்களா? "நிக்கறேனுங்கம்மா" என்றாள். ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள். சீர் விடிகாலையில் வரும், தூக்கம் கெடும், ஆகவே முந்தின நாள் சாயங்காலமே சாப்பிட்டுப் படுத்துவிடுவாளாம். வீடியோக்காரர் லைட்டை நேராக முகத்தில் அடிக்கக் கூடாதாம். பின்னால் ஜரீனா நிற்கட்டுமாம். "அப்படியும் விழுந்தா, ஓரமாப் படுக்க வெச்சுட்டு நீங்க சீரை நடத்துங்க. நான் எந்திரிச்சு மிச்சத்துக்கு நிக்கறேன்" என்கிறாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பெண் வீட்டாரிடம் நீ அவள் விரல் மெஷினில் மாட்டிப் போனது என்று சொல்லியிருக்கிறாயாமே? வலிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாமே? "நான் விழுந்தா அண்ணன் பொய் சொன்னது அங்க வெச்சுத் தெரிஞ்சுரும். அது அண்ணனுக்குத்தான கேவலம்? முன்னாடியே சொல்லிரச் சொல்லுங்க" என்றாள். தான் விழுவதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. உன் மானத்துக்குக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள், அந்தப் பைத்தியம்.

நான் ரொம்ப நாள் இருக்கமாட்டேன். டாக்டர் சுற்றி வளைத்துத்தான் சொன்னார், எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் நீ காப்பகம் பார்த்தாய் என்பதும் தெரியும். எனக்குப் பிறகு யார் என்ற கேள்வி உன்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கும். அதில் தப்புச் சொல்லமாட்டேன். புதிதாக வருகிற பெண் தலையில் இதைக் கட்டலாமா என்று நீ யோசித்ததும் நியாயம்தான். ஆகவே ஒரேயடியாக வேண்டாம் என்று நான் சொல்லப்போன சமயத்தில் கோகிலாவே தடுத்தாள். "பார்க்காம எப்படிங்கம்மா வேண்டாங்கறது? நல்லா இருந்தா இருந்துட்டுப் போறேன். போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றாள். புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் தாராபுரம் பஸ் ஏறினோம்.

வாசலில் செம்பருத்தி, உள்ளே டைல்ஸ், சாமி படத்துக்குப் பூ. ஆபீஸ் ரூமில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். வார்டன் நல்ல மாதிரிதான், குரலைக்கூட உயர்த்தவில்லை. "உங்க பையன் வந்து எல்லாம் சொல்லிட்டுப் போனாருங்க, நீங்க கவலையே பட வேண்டாம்" என்றார். கோகிலா உள்ளே பார்க்க வேண்டும் என்றாள். பார்க்கிற நேரம் இல்லை என்று கொஞ்சம் தயங்கினார், அப்புறம் கூட்டிப் போனார். நீளமான ஹால். இரண்டு பக்கமும் கட்டில். ஒரே மாதிரி நைட்டியில், தலையை ஒட்ட வெட்டிய பெண்கள். அந்தப் பட்டப்பகலில் எல்லோரும் படுத்திருந்தார்கள். சத்தமே இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. வார்டன் பெருமையாகச் சொன்னார்: "இங்க பிட்ஸ் கேஸ் எத்தனையோ இருக்குதுங்க. ஒருத்தருக்கு ஒரு அடி பட்டதில்ல, ஒரு காயம் ஆனதில்ல." எப்படிங்க என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். "எந்திரிக்க உட்டாத்தானுங்க விழுவாங்க."

அப்போதுதான் கவனித்தேன். கட்டில் கம்பியோடு கையைக் கட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் இல்லை, பலருக்கு. பனியன் துணியில் கிழித்த பட்டை. நம் ஊர்க் கம்பெனிகளிலிருந்து கட்டிங் வேஸ்ட் இனாமாக வருகிறதாம். "மெத்துன்னு இருக்கும், தோல்ல தடம் விழாதுங்க" என்றார். கோகிலா ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கோகிலா மடங்காத விரலால் அந்தத் துணியைத் தடவிப் பார்த்தாள், தினமும் மடிக்கிற துணியைத் தடவுவது போல. "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் மூலையில் இருந்த டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். டிவி ஓடவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் கோகிலா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிக்கெட்டை அவளே எடுத்தாள். மாத்திரைக்கு நேரமாச்சு என்று நான் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டி, பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவிநாசிபாளையம் தாண்டினதும், வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஏனுங்கம்மா, அண்ணன் உள்ள போய்ப் பார்த்தாங்களா, இல்ல ஆபீஸ் ரூமோட திரும்பிட்டாங்களா?"

"ஆபீஸ் ரூமோட வந்துட்டான் சாமி" என்று சொல்லிவிட்டேன். நீ என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அப்படித்தான் இருக்கோணும்" என்று அவள் பெருமூச்சு விட்டாள். அவள் முகம் தெளிந்துவிட்டது.

நான் சொன்னது நிஜம்தானா, கண்ணு? அப்படியென்றால் நாளைக்கே வா, நானே உன்னை உள்ளே கூட்டிப் போய்க் காட்டுகிறேன். அதற்குப் பிறகு வனிதாவா கோகிலாவா என்று நான் உன்னைக் கேட்கவே வேண்டியிருக்காது. உள்ளே போய் அந்தக் கட்டில்களை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பேசி முடித்தாய் என்றால், வர வேண்டாம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் எழுது.

அம்மா